கார்பனைலிலிருந்து ஆல்கேன் வரை: ஆல்டிஹைடு, கீட்டோன்களை முழுமையாக ஒடுக்குவது குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆல்டிஹைடு, கீட்டோன்களின் ஆக்ஸிஜனை முழுவதும் நீக்கி ஆல்கேனாக்கும் கிளமன்சன் ஒடுக்கமும் உல்ஃப்–கிஷ்னர் ஒடுக்கமும் பன்னிரண்டாம் வகுப்பிலும் இளநிலை வேதியியலிலும் இரண்டு வரிச் சமன்பாடுகளாக வந்து போய்விடுகின்றன. வினைக்கரணிகளின் பெயர்கள் மாணவர்கள் மனத்தில் பதிந்துவிடுகின்றன, ஆனால் ஒரு மூலக்கூறைக் கையில் கொடுத்து "இதற்கு எதைப் பயன்படுத்துவீர்கள்?" என்று கேட்டால் பலரும் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்திலிருந்து எழும் கேள்விகளையே இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

இந்த ஒடுக்கத்தில் மூலக்கூறுக்கு என்ன நேர்கிறது?

கார்பனோடு இரட்டைப் பிணைப்பால் இணைந்திருந்த ஆக்ஸிஜன் முற்றிலும் வெளியேற, அதே கார்பனில் இரண்டு ஹைட்ரஜன்கள் வந்து அமர்கின்றன. கீட்டோனின் கார்பனைல் தொகுதி மெத்திலீன் தொகுதியாகவும், ஆல்டிஹைடு தொகுதி மெத்தில் தொகுதியாகவும் மாறுகின்றன. 16 நிறையுள்ள ஆக்ஸிஜன் போய் 2 நிறையுள்ள ஹைட்ரஜன் வருவதால், ஒவ்வொரு கார்பனைலுக்கும் மூலக்கூறு நிறை 14 குறைய வேண்டும். புரோப்பியோஃபீனோனின் மூலக்கூறு நிறை 134. அதிலிருந்து கிடைக்கும் புரோப்பைல் பென்சீனுடையது 120. நிறைநிரலில் 2 கூடியிருந்தால் ஆல்ககாலோடு நின்றுவிட்டது என்று பொருள்.

சோடியம் போரோஹைட்ரைடும் லித்தியம் அலுமினியம் ஹைட்ரைடும் வலிமையான ஒடுக்கிகள்தாமே, அவை ஏன் ஆல்ககாலோடு நின்றுவிடுகின்றன?

வலிமை போதாமல் அவை நிற்பதில்லை. அடுத்த அடி வைக்க வழியில்லாமல் நிற்கின்றன. ஹைட்ரைடு அயனி கார்பனைல் கார்பனைத் தாக்கியவுடன் ஆக்ஸிஜன் எதிர்மின்சுமை பெற்று ஆல்காக்சைடாகி, போரானோடோ அலுமினியத்தோடோ பிணைந்துவிடுகிறது. இன்னொரு ஹைட்ரைடு அந்தக் கார்பனுக்கு வர வேண்டுமானால் ஆக்ஸிஜன் அங்கிருந்து கிளம்ப வேண்டும். எதிர்மின்சுமை தாங்கிய ஆக்ஸிஜன் மிக மோசமான வெளியேறும் தொகுதி, அது கிளம்புவதில்லை. ஆகவே ஆல்கேன் வேண்டுமென்றால் எவ்வளவு வலிமையான ஒடுக்கி என்று தேடுவதைக் காட்டிலும், ஆக்ஸிஜனை எதன் வழியாக வெளியே அனுப்புவது என்று யோசிப்பதே பயன்தரும். கீழே வரும் எல்லா முறைகளும் இந்த ஒரே கேள்விக்கு வெவ்வேறு ஆட்கள் கண்டுபிடித்த விடைகள்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. கார்பனைல் பென்சீன் வளையத்தை ஒட்டியிருந்தால், லித்தியம் அலுமினியம் ஹைட்ரைடோடு அலுமினியம் குளோரைடைச் சேர்த்துப் பயன்படுத்தும்போது வினை மெத்திலீன் வரை செல்கிறது. லூயிஸ் அமிலமான அலுமினியம் குளோரைடு ஆக்ஸிஜனைப் பிடித்து இழுக்க, வளையம் உருவாகும் நேர்மின்சுமையைத் தாங்கிக்கொள்கிறது.

கீட்டோனைப் பாடுபட்டு உருவாக்கி, பிறகு அதன் ஆக்ஸிஜனை அழிப்பது வீண்வேலை அல்லவா?

அல்ல. இந்த ஒடுக்கங்கள் கரிம வேதியியலில் இடம்பிடித்ததே அந்த "வீண்வேலை"யால்தான்.

பென்சீனில் நேர்ச்சங்கிலியுள்ள புரோப்பைல் தொகுதியைப் பொருத்த வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 1-குளோரோபுரோப்பேனையும் நீரற்ற அலுமினியம் குளோரைடையும் கொண்டு பிரீடல்–கிராஃப்ட் ஆல்கைலேற்றம் செய்தால், உருவாகும் முதனிலைக் கார்பன் நேரயனித் தன்மை கொண்ட இடைநிலை ஹைட்ரைடு இடம்பெயர்ந்து ஈரிணைய நேரயனியாக மாறிக்கொள்ள, ஐசோபுரோப்பைல் பென்சீன் பெருமளவில் கலந்துவிடுகிறது. அதோடு தொல்லை முடிவதில்லை. ஆல்கைல் தொகுதி வளையத்தின் எலக்ட்ரான் செறிவைக் கூட்டுவதால், ஒருமுறை ஆல்கைலேற்றம் அடைந்த வளையம் பென்சீனைவிட எளிதாக மறுபடியும் வினைபுரிகிறது. ஒன்று கேட்டால் இரண்டு, மூன்று ஏறிவிடும்.

சங்கிலியைக் கார்பனைலோடு சேர்த்தே வளையத்தில் பொருத்தும் அசைலேற்றத்தில் இவ்விரண்டு தொல்லையும் இல்லை. அசைலியம் அயனி ஆக்ஸிஜனின் துணையால் நிலையாக இருப்பதால் இடமாற்றம் அடைவதில்லை. விளைபொருளான கீட்டோன் வளையத்திலிருந்து எலக்ட்ரானை இழுத்துக்கொள்வதால் இரண்டாவது அசைலேற்றமும் நடப்பதில்லை. ஆகவே புரோப்பியோஃபீனோனை முதலில் செய்து, பிறகு ஆக்ஸிஜனைக் களைந்தால் நேர்ச்சங்கிலிப் புரோப்பைல் பென்சீன் தூய்மையாகக் கைக்கு வருகிறது. வேலை முடியும்வரை நின்று, முடிந்ததும் பிரித்து எடுக்கப்படும் சாரம் போன்றது இங்கே கார்பனைல்.

தொழிலிலும் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. தொண்டை மிட்டாய்களில் கிருமிநாசினியாகவும், இறாலின் ஓட்டில் கரும்புள்ளி படராமல் தடுக்கும் பொருளாகவும் பயன்படும் 4-ஹெக்சைல்ரிசார்சினால் இந்த வழியில் செய்யப்பட்டது. ரிசார்சினாலை ஹெக்சனாயிக் அமிலத்தோடும் துத்தநாகக் குளோரைடோடும் சூடாக்கிக் கீட்டோனாக்கி, அதைத் துத்தநாக இரசக்கலவையால் (பாதரசம் பூசிய துத்தநாகத்தால்) ஒடுக்கினார்கள்.

வளையங்களை ஒட்டி வளையம் கட்டும் ஹாவொர்த் தொகுப்பும் இதே உத்திதான். பென்சீனும் சக்சினிக் நீரிலியும் சேர்ந்து 3-பென்சாயில்புரோப்பனாயிக் அமிலம் தருகின்றன. அதன் கீட்டோனை ஒடுக்கினால் 4-ஃபீனைல்பியூட்டனாயிக் அமிலம். அது வளைந்து தன் வளையத்தையே அசைலேற்றம் செய்தால் ஆல்ஃபா-டெட்ராலோன். அதன் கார்பனைலையும் ஒடுக்கி, ஹைட்ரஜனை நீக்கினால் நாஃப்தலீன். ஒரே தொகுப்பில் இரண்டு இடத்தில் இந்த ஒடுக்கம் வருகிறது.

கிளமன்சன் ஒடுக்கத்தை ஆய்வகத்தில் எப்படிச் செய்கிறார்கள்?

டென்மார்க்கின் ஓடென்ஸ் நகரில் 1876-இல் பிறந்து, 1900-இல் அமெரிக்கா சென்று, டெட்ராய்ட்டில் பார்க் டேவிஸ் மருந்து நிறுவனத்தில் பணியாற்றிய எரிக் கிறிஸ்டியன் கிளமன்சன் 1913-இல் இந்த முறையை வெளியிட்டார். துத்தநாக இரசக்கலவை, அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம், சூடு ஆகிய மூன்றும் சேர்ந்ததே அது.

மேலே சொன்ன 3-பென்சாயில்புரோப்பனாயிக் அமிலத்தையே எடுத்துக்கொள்வோம். 50 கிராம் கீட்டோ அமிலத்துக்கு 120 கிராம் துத்தநாகம் எடுக்கப்படுகிறது. தூள் அல்ல, உருக்கி நீரில் ஊற்றியதுபோல் முறுக்கும் மடிப்புமாக, மேற்பரப்பு மிகுந்த துண்டுகள். அவற்றோடு 12 கிராம் மெர்குரிக் குளோரைடு, 200 மில்லி நீர், 5 அல்லது 6 மில்லி அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்து ஐந்து நிமிடம் குலுக்க வேண்டும். மெர்குரி அயனிகள் உலோகப் பாதரசமாகிப் படிந்து துத்தநாகத்தின் புறத்தைப் பூசிவிடுகின்றன. மேலே நிற்கும் நீர்மத்தை வடித்துவிட்டு, நீரும் அடர் அமிலமும் டொலுவீனும் ஊற்றி, கீட்டோ அமிலத்தைப் போட்டு, ஆவியைக் குளிர்வித்துக் குடுவைக்கே திருப்பும் கண்டென்சரைப் பொருத்திக் கொதிக்கவைப்பார்கள். சுமார் 30 மணி நேரம் கொதிக்கும். ஏறத்தாழ ஆறு மணிக்கொருமுறை புது அமிலம் ஊற்றிக்கொண்டிருக்க வேண்டும். பாடநூலில் அம்புக்குறியின் மேல் ஒரு சொல்லாக நிற்பது ஆய்வகத்தில் ஒரு நாளுக்கும் மேலான காவல் வேலை.

பாதரசம் எதற்கு? டொலுவீன் எதற்கு?

வெறும் துத்தநாகத்தை அடர் அமிலத்தில் போட்டால் அது ஹைட்ரஜன் வாயுவை வெளியேற்றிக் கரைந்துபோகும்; எலக்ட்ரான்கள் கீட்டோனுக்குப் போகாமல் அமிலத்துக்கே செலவாகிவிடும். பாதரசப் பரப்பில் ஹைட்ரஜன் வெளிப்படுவதற்கு மிகுந்த மின்னழுத்தம் தேவைப்படுவதால் அந்த வீண்செலவு மட்டுப்பட்டு, எலக்ட்ரான்கள் கீட்டோனுக்குக் கிடைக்கின்றன. பாதரசத்தை "வினைவேக மாற்றி" என்று விடைத்தாளில் எழுதுவது வழக்கமாகிவிட்டது. துத்தநாகம் வீணாகாமல் காப்பது என்று எழுதினால் விளக்கம் சரியாக இருக்கும்.

டொலுவீனின் வேலை வேறு. நீரில் கரையாத சேர்மம் டொலுவீன் அடுக்கிலேயே பெரும்பாலும் தங்கி, கொஞ்சம் கொஞ்சமாக அமில அடுக்குக்கு இறங்குகிறது. உலோகத்தின் அருகே கீட்டோனின் செறிவு எப்போதும் குறைவாக இருப்பதால், இரண்டு கீட்டோன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று இணைந்து பினக்கால் போன்ற பக்கவிளைபொருள்களைத் தருவது குறைகிறது.

கிளமன்சன் ஒடுக்கம் ஆல்ககால் வழியாகச் செல்கிறதா?

பெரும்பாலும் இல்லை. இந்தக் கேள்விக்கு "ஆம்" என்று பதில் எழுதுவதே மிகப் பரவலான பிழை. சாதாரண ஆல்கைல் ஆல்ககால் ஒன்றை எடுத்து அதே இரசக்கலவையிலும் அமிலத்திலும் கொதிக்கவைத்தால் அது ஆல்கேனாக மாறுவதில்லை. ஆல்ககால் வழியில் இருக்கும் நிறுத்தம் என்றால் அங்கிருந்தும் வண்டி புறப்பட வேண்டுமே! பென்சைல், அல்லைல் வகை ஆல்ககால்கள் மட்டும் இந்தச் சூழலில் ஒடுங்குகின்றன. அவற்றை வைத்துப் பொதுவிதி எழுதக் கூடாது.

வினை துத்தநாகப் பரப்பிலேயே நடக்கிறது. கார்பன் துத்தநாகத்தோடு நேரடியாகப் பிணைந்த இடைநிலைகள் வழியாகவும், துத்தநாகக் கார்பினாய்டு வழியாகவும் செல்வதாக முன்மொழிவுகள் உள்ளன. திண்மப் பரப்பில் நடப்பதைப் பிடித்துப் பார்ப்பது கடினம் என்பதால் முழு வழிமுறை இன்றும் விவாதத்தில்தான் இருக்கிறது.

உல்ஃப்–கிஷ்னர் ஒடுக்கத்தில் ஆக்ஸிஜன் எப்படி வெளியேறுகிறது?

இங்கே ஆக்ஸிஜன் முதல் படியிலேயே, ஆரவாரமின்றி, நீராகப் போய்விடுகிறது. ஹைட்ரசீன் கார்பனைலோடு குறுக்கமடைந்து ஹைட்ரசோன் தரும்போதே நீர் வெளியேறி, ஆக்ஸிஜன் இருந்த இடத்தில் இரண்டு நைட்ரஜன்கள் வந்து நிற்கின்றன. அடுத்து வலிமையான காரம் கடைசி நைட்ரஜனிலிருந்து ஒரு புரோட்டானை எடுக்கிறது. எதிர்மின்சுமை கார்பன் வரை பரவுகிறது. கார்பன் கரைப்பானிலிருந்து ஒரு புரோட்டானைப் பெறுகிறது. இப்போது இரட்டைப் பிணைப்பு இரு நைட்ரஜன்களுக்கிடையே வந்துவிட்டது. காரம் மீதமுள்ள நைட்ரஜன்–ஹைட்ரஜன் பிணைப்பிலிருந்தும் புரோட்டானை எடுக்க, நைட்ரஜன் மூலக்கூறு வாயுவாகக் கிளம்புகிறது. எஞ்சிய கார்பன் எதிரயனி உடனே இன்னொரு புரோட்டானைப் பிடித்து ஆல்கேனாகிறது.

சேர்ந்த இரண்டு ஹைட்ரஜன்களும் புரோட்டான்களாகவே வந்தன என்பதைக் கவனிக்க வேண்டும். எலக்ட்ரான்களைக் கொடுத்தது ஹைட்ரசீன். கார்பன் எதிரயனி மிக நிலையற்றது. அத்தகைய ஒன்றை உருவாக்கும் படி நடப்பதற்குக் காரணம் அசாதாரண நிலைத்தன்மை கொண்ட நைட்ரஜன் வாயு உருவாகி, திரும்பி வராமல் குடுவையை விட்டுப் போய்விடுவதுதான்.

டோம்ஸ்க் நகரின் நிக்கோலாய் கிஷ்னர் 1911-இலும், ஜெர்மனியின் லுட்விக் உல்ஃப் 1912-இலும் ஒருவரையொருவர் சாராமல் இதைக் கண்டனர். கிஷ்னர் பிளாட்டினம் பூசிய நுண்துளை ஓட்டோடு சூடான பொட்டாசியம் ஹைட்ராக்சைடின் மேல் ஹைட்ரசோனைத் துளித்துளியாக விட்டார். உல்ஃப் சோடியம் எத்தாக்சைடோடு, உருக்கி மூடிய குழாயில் 180 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கினார். எத்தனால் 78 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடிய குழாய் இல்லாமல் அந்த வெப்பத்தை எட்ட முடியாது.

ஹுவாங்–மின்லன் மாற்றம் என்பது என்ன?

முதலில் ஒரு சிறு திருத்தம்: இணைக்கோடு இருப்பதால் இது இருவர் பெயர் என்று சிலர் எண்ணிவிடுகிறார்கள். அது 1898-இல் பிறந்த ஒரே சீன வேதியியலாளரின் பெயர். அமெரிக்காவின் ஹார்வர்டில் இருந்தபோது அவர் செய்த ஆய்வு 1946-இல் வெளியானது.

அதற்கு முன் இந்த ஒடுக்கத்துக்கு விலையுயர்ந்த நீரற்ற ஹைட்ரசீன், உலோகச் சோடியம், 50 முதல் 100 மணி நேரக் கொதிப்பு எல்லாம் வேண்டியிருந்தன. அவருடைய முறையில் கீட்டோன், 85 சதவீத ஹைட்ரசீன் ஹைட்ரேட், பொட்டாசியம் அல்லது சோடியம் ஹைட்ராக்சைடு ஆகியவற்றை டைஎத்திலீன் கிளைக்காலில் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவைத்தால் ஹைட்ரசோன் உருவாகிவிடும். இதன் பிறகுதான் நுட்பமே இருக்கிறது: கண்டென்சரைக் கழற்றிவிட்டு, நீரையும் மிஞ்சிய ஹைட்ரசீனையும் ஆவியாகப் போகவிடுகிறார்கள். அவை இருக்கும்வரை வெப்பமானியின் கோடு கீழேயே தங்கி நிற்கும். அவை போகப் போக மெல்ல ஏறி 195–200 டிகிரியை எட்டும். அந்த நிலையில் கண்டென்சரை மீண்டும் மாட்டி மூன்று நான்கு மணி நேரம் கொதிக்கவைத்தால் வேலை முடிந்தது. டைஎத்திலீன் கிளைக்காலின் கொதிநிலை சுமார் 245 டிகிரி என்பதால் திறந்த குடுவையிலேயே, சாதாரண வளிமண்டல அழுத்தத்தில் இதைச் செய்யலாம்.

நீர் போவதால் வெப்பம் ஏறுவது ஒரு நன்மை. இன்னொன்று, நீர் இருந்தால் ஹைட்ரசோன் பழையபடி கீட்டோனாக நீராற்பகுப்பு அடையும்; அந்தக் கீட்டோன் ஆல்ககாலாக ஒடுங்கி விளைபொருளைக் கெடுக்கும். அவர் வெளியூர் சென்றிருந்தபோது குடுவையின் தக்கை தளர்ந்து நீர் ஆவியாகிவிட்டதாகவும், திரும்பி வந்து பார்த்தால் விளைச்சல் வியக்கத்தக்க அளவில் இருந்ததாகவும் வேதியியலாளர்களிடையே ஒரு கதை உலவுகிறது. கதை எப்படியிருந்தாலும், நீரை வேண்டுமென்றே வெளியேற்றும் முறையாக அதை மாற்றியதில்தான் அவருடைய திறமை இருக்கிறது.

இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பது?

கார்பனைலைப் பார்க்காதீர்கள், மூலக்கூறில் அதைத் தவிர வேறு என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஒன்று கொதிக்கும் அடர் அமிலம், மற்றொன்று 200 டிகிரியில் வலிமையான காரம். மீதிப் பகுதி எதைத் தாங்கும் என்பதே கேள்வி.

2-அசிட்டைல்ஃபியூரானை 2-எத்தில்ஃபியூரானாக்க வேண்டுமானால், அடர் அமிலத்தில் ஃபியூரான் வளையம் திறந்து பிசினாகிவிடும், உல்ஃப்–கிஷ்னர்தான் பொருத்தம். அசிட்டால், மூவிணைய ஆல்ககால் போன்றவை இருந்தாலும் அவ்வாறே. மாறாக, சங்கிலியில் குளோரின் உள்ள கீட்டோன் என்றால் காரம் ஹைட்ரஜன் குளோரைடை நீக்கிவிடும், அல்லது குளோரினைப் பதிலீடு செய்துவிடும். கிளமன்சன் பக்கம் போக வேண்டும். 4-ஹைட்ராக்சி அசிட்டோஃபீனோனில் ஃபீனால் இரண்டையும் தாங்கும். எது கையில் இருக்கிறதோ அதைச் செய்யலாம்.

கார்பனைலுக்கு அடுத்த கார்பனில் வெளியேறும் தொகுதி இருந்தால் உல்ஃப்–கிஷ்னரில் எதிர்பாராத முடிவு வரும்: அந்தத் தொகுதி வெளியேறி ஆல்க்கீன் கிடைக்கும். இதைக் கிஷ்னரே கவனித்திருக்கிறார். நைட்ரோ அசிட்டோஃபீனோனைக் கொடுத்துக் கிளமன்சன் செய்யச் சொன்னால் எச்சரிக்கையாக இருங்கள்; துத்தநாகமும் அமிலமும் நைட்ரோவையும் அமினோவாக்கிவிடும்.

கார்பாக்சிலிக் அமிலமும் எஸ்டரும் ஒடுங்குமா?

கார்பாக்சிலிக் அமிலத் தொகுதி இரண்டு முறைகளிலும் ஒடுங்குவதில்லை. மேலே கீட்டோ அமிலத்தைத் தயக்கமின்றிப் பயன்படுத்தியது அதனால்தான். எஸ்டர் ஒடுங்காது, ஆனால் இரண்டு சூழலிலும் நீராற்பகுப்பு அடையக்கூடும்.

ஆல்டிஹைடுக்கும் இதே முறைகள் பொருந்துமா?

பொருந்தும். வெனிலினைக் கிளமன்சன் முறையில் ஒடுக்கிக் கிரியோசால் பெறுவது பழைய, நம்பகமான எடுத்துக்காட்டு.

ஆல்ஃபா, பீட்டா நிறைவுறாக் கீட்டோனை ஒடுக்கினால்?

இரண்டு முறையிலும் கவனம் வேண்டும். ஹைட்ரசீன் அந்த இரட்டைப் பிணைப்போடும் சேர்ந்து வளையமாகி பைரசோலின் தருகிறது. கிளமன்சனில் இரட்டைப் பிணைப்பும் சேர்ந்து ஒடுங்கக்கூடும். கார்பனைலோடு தொடர்பின்றித் தனியே நிற்கும் இரட்டைப் பிணைப்பு பொதுவாகத் தப்பிவிடுகிறது.

அமிலமும் ஆகாது, காரமும் ஆகாது என்றால் வழி உண்டா?

உண்டு. மோசிங்கோவின் பெயரால் வழங்கும் முறையில், கீட்டோனை எத்தேன்டைதயோலோடும் போரான் டிரைஃபுளோரைடோடும் சேர்த்து டைதயோஅசிட்டாலாக மாற்றி, பிறகு ரானே நிக்கல் என்னும் நுண்துளை நிக்கலோடு சூடாக்குகிறார்கள். கந்தகத்தை நிக்கல் பறித்துக்கொள்ள, நிக்கலில் உறிஞ்சப்பட்டிருந்த ஹைட்ரஜன் கார்பனுக்கு வருகிறது. இரண்டாம் படி நடுநிலைச் சூழலில் நடப்பது இதன் சிறப்பு. குறைகளும் உண்டு: நிக்கல் பல மடங்கு தேவை, இரட்டைப் பிணைப்புகள் ஹைட்ரஜனேற்றம் அடையக்கூடும், தயோலின் நாற்றத்தைப் பற்றி ஆய்வகத்தின் பக்கத்து அறைக்காரர்களைத்தான் கேட்க வேண்டும்.

மென்மையான இன்னொரு வழி, கீட்டோனை டோசில்ஹைட்ரசோனாக்கி ஹைட்ரைடால் ஒடுக்குவது. சோடியம் சயனோபோரோஹைட்ரைடைப் பயன்படுத்தினால் எஸ்டர், நைட்ரோ, நைட்ரைல் எல்லாம் தொடப்படாமல் இருக்கும். வெப்பம் மட்டுமே தடை என்றால் 1962-இல் டொனால்ட் கிராம் குழுவினர் காட்டிய வழி இருக்கிறது: டைமெத்தில் சல்ஃபாக்சைடில் பொட்டாசியம் மூவிணைய பியூட்டாக்சைடைக் கரைத்து, முன்பே தயாரித்த ஹைட்ரசோனை அறை வெப்பநிலையில் மிக மெதுவாகச் சேர்க்க வேண்டும். அவசரப்பட்டுக் கொட்டினால் இரண்டு மூலக்கூறுகள் இணைந்து அசீன் ஆகிவிடும். கார்பனைல் அரோமேட்டிக் வளையத்தை ஒட்டியிருந்தால், கரியில் படிந்த பல்லேடியமும் ஹைட்ரஜன் வாயுவுமே போதும். இன்றைக்குப் பலரும் முதலில் முயல்வது அதைத்தான்.

வினை முடிந்துவிட்டது என்று எப்படி அறிவது?

பழைய வழி, 2,4-டைநைட்ரோஃபீனைல்ஹைட்ரசீன் கரைசலில் ஒரு துளி விடுவது. ஆரஞ்சு அல்லது மஞ்சள் வீழ்படிவு வந்தால் கார்பனைல் இன்னும் மிச்சமிருக்கிறது. அகச்சிவப்பு நிரலில் அரோமேட்டிக் கீட்டோனுக்கு 1685 செ.மீ.⁻¹ அருகே நிற்கும் கூரிய முகடு மறைய வேண்டும். 3300 அருகே அகன்ற பட்டை புதிதாக எழுந்தால் ஆல்ககால் கலந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்தே பாருங்கள். கார்பனைல் முகடு மறைந்ததை மட்டும் வைத்து மகிழ்ந்துவிட்டு, கடைசியில் கையில் ஆல்ககாலோடு நிற்பவர்கள் உண்டு.

கல்லூரி ஆய்வகத்தில் இவற்றைச் செய்யலாமா?

கிளமன்சனைச் செய்துகாட்டத் தேவையில்லை என்பது என் கருத்து. மெர்குரிக் குளோரைடு கடும் நஞ்சு. பயன்படுத்திய இரசக்கலவையைத் தொட்டியில் கொட்ட முடியாது, தனியே சேமித்து அபாயக் கழிவாகத்தான் ஒப்படைக்க வேண்டும். பாதரசப் பயன்பாட்டைக் குறைப்பதற்கான மினமாட்டா உடன்படிக்கை 2017-இல் நடைமுறைக்கு வந்துவிட்ட நிலையில், ஒரு செய்முறை வகுப்புக்காகப் பன்னிரண்டு கிராம் பாதரச உப்பைச் செலவிட நியாயம் சொல்வது கடினம். ஈதரில் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவைச் செறிவூட்டி, பூஜ்ஜியம் டிகிரி அருகே துத்தநாகத் தூளால் ஒடுக்கும் பாதரசமில்லா மாற்றமும் இருக்கிறது. ஹைட்ரசீனும் சாதுவானதன்று, தோல் வழியே உடலுக்குள் செல்லும், புற்றுநோய் ஐயத்துக்குரியது. கண்டென்சரைக் கழற்றும் அந்த நிமிடத்தில் வெளிவரும் ஆவியில் ஹைட்ரசீனும் இருப்பதால், குடுவை புகைபோக்கி அறைக்குள் இருக்க வேண்டும், கண்ணாடிக் கதவும் இறக்கப்பட்டிருக்க வேண்டும்.